காக்கை வலிப்பும் கணவன் கையும்

மருந்தே கிடையாது என்று நமது ஜனங்கள் வெகு காலமாக நம்பி வந்திருக்கும் வியாதிகளுள் காக்கை வலிப்பு ஒன்று. அந்த நம்பிக்கை முற்றும் தவறானது. பினோபார்பிட்டால் என்னும் மருந்து வலிப்பைத் தடுக்கும் என்பதை 1912-ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் வைத்தியர் ஒருவர் கண்டறிந்தார். 1938-இல் அமெரிக்காவில் பெனிடாயின் என்னும் மருந்தின் குணம் வெளிப்பட்டது. விலை குறைந்த இவ்விரு மருந்துகளைக் கொண்டே கிராமத்து ஏழைகளின் வலிப்பை அடக்க முடியும் என்பதை, கர்நாடகத்தில் யளந்தூர் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய சகாக்களும் செய்து காட்டி 2001-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். பூமியில் சுமார் 5 கோடி பேருக்கு இந்த வியாதி இருக்கிறதென்றும், தக்க சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 100-க்கு 70 பேர் வரையில் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

இவ்வளவும் நல்ல செய்திதான். ஆயினும் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு இந்த வியாதி இருக்குமானால், மாத்திரையைப் பற்றி மட்டும் விசாரித்தால் போதாது. அவளுடைய வீட்டில் அவள்மீது யாராவது கை ஓங்குகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும். அடிக்கும் வலிப்புக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. அந்த உறவு பெரும்பாலும் எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. நல்ல குடும்பங்களின் சம்பாஷணையிலும் இடம் பெறுவதில்லை. ஆகையால் அதைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேசத் துணிகிறோம்.

கஞ்சித் தொட்டி வாசலில்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் பிரதேசம் உழைப்பாளிகளின் பிரதேசம். தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி 1856-ஆம் ஆண்டில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். இன்றைக்கும் சரக்கு லாரிகளின் இரைச்சலும் தொழிற்சாலைகளின் மூச்சும் அங்கே இரவு பகலாக ஓய்வதில்லை.

இப்பகுதி ஏழைகளுக்கு நோய் வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியே கதி. 1782-ஆம் வருஷத்துப் பஞ்சத்தின்போது மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்த்ததிலிருந்து வளர்ந்த ஸ்தாபனம் அது. அதனால் வட சென்னைவாசிகளின் வாயில் அது வெகு காலம் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றே வழங்கி வந்தது. பக்கத்திலேயே ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரால் விளங்கும் பிரசவ ஆஸ்பத்திரியும், ஸ்காத்லாந்து தேசத்துப் பாதிரி ஸங்கத்தார் தொடங்கிய ரெய்னி ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒரே பெண் இரண்டு தடவை வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் தடவை மண்டையில் காயத்துடன் வருகிறாள். "படியில் தவறி விழுந்துவிட்டேன்" என்கிறாள். தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, வாயில் நுரை தள்ள, நினைவு தப்பிய நிலையில் அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இப்போது பார்ப்பவர் வேறு டாக்டர். "ஏன் அம்மா, தலையில் எப்போதாவது அடிபட்டிருக்கிறதா?" என்று அவர் கேட்கத்தான் கேட்கிறார். பக்கத்தில் மாமியார் நிற்கிறாள். பெண் தலையை அசைத்து இல்லை என்கிறாள். முதல் சீட்டும் இரண்டாம் சீட்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

இது நாம் உதாரணத்துக்காகச் சொன்னது. ஆனால் அடி என்பது கற்பனையல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, விவாகமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனுடைய பலாத்காரத்தை அநுபவித்ததாகச் சொன்னார்கள். பாரத தேசம் முழுவதற்கும் அந்தக் கணக்கு 100-க்கு 29. பெண்ணைத் தெய்வமென்று மேடையில் போற்றுவதில் நாம் மற்ற மாகாணத்தாருக்குப் பின்வாங்கியவர்கள் அல்ல. வீட்டிற்குள் கை நீட்டுவதிலும் பின்வாங்கவில்லை என்று இந்தக் கணக்கு தெரிவிக்கிறது.

அடியினால் வரும் வலிப்பு

மனித மூளையில் மிக நுட்பமான மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் காகிதத்தில் கோடுகளாக வரைந்து காட்டலாம் என்று 1929-இல் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் பேராசிரியர் வெளியிட்டார். மூளையின் ஒரு பகுதியில் அந்த மின்சாரம் கட்டு மீறிப் பாயும்போது உண்டாவதே வலிப்பு. மூளையில் ஏற்பட்ட காயம் ஆறித் தழும்பாகும்போது, அந்தத் தழும்பைச் சுற்றியுள்ள நரம்பணுக்கள் சில சமயம் இப்படிக் கட்டு மீறும் சுபாவத்தை அடைகின்றன. காயம் பட்ட உடனே அது தெரிவதில்லை. மாதங்கள் கழித்தும் வருஷங்கள் கழித்தும் முதல் வலிப்பு வரலாம். அதனால்தான் காரணமும் காரியமும் ஒன்றையொன்று அறியாமல் போய்விடுகின்றன.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தில், தலையில் அடிபட்டவர்கள் 4,500-க்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1998-இல் வெளியாயிற்று. மூளை கன்றிப்போகும்படியோ, மண்டைக்குள் இரத்தம் கட்டும்படியோ, ஒரு நாளுக்கு மேல் நினைவு தப்பும்படியோ கடுமையாக அடிபட்டவர்களில், 5 வருஷத்துக்குள் 100-க்கு 10 பேருக்கு வலிப்பு கண்டது. லேசாக அடிபட்டவர்களில் 100-க்கு ஒருவருக்குக்கூட வரவில்லை.

"அப்படியானால் ஓர் அறை அறைந்தால் ஒன்றும் ஆகாது அல்லவா?" என்று யாராவது ஆறுதல் அடைவார்களானால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. அறைந்த கை தான் விரும்பிய இடத்தில் நின்றுவிடுவதில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையில் தள்ளப்பட்ட பெண்ணின் தலை எதில் மோதும்? சுவரில், நிலைப்படியில், கட்டிலின் இரும்பு விளிம்பில், சிமெண்டுத் தரையில். மேலும், கழுத்தை நெரிப்பதனாலும் மூளைக்கு இரத்தமும் பிராணவாயுவும் குறைந்து, அந்த நிமிஷத்திலேயே கை கால் இழுத்துக்கொள்ளக்கூடும். அதைக் கண்டு "இவளுக்குப் பழைய வலிப்பு வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

வலிப்பினால் விழும் அடி

இனி மறு பக்கத்தைப் பார்ப்போம். சிறு வயதிலேயே வலிப்பு உள்ள பெண் புகுந்த வீட்டுக்கு வருகிறாள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கினால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டும்தான் அவளுக்குக் கிடைப்பதில்லை. மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, எல்லோரும் உறங்கிய பின் விழுங்க வேண்டியிருக்கிறது. ஒருவர் கண்ணில் பட்டால் மறு நாளிலிருந்து மாத்திரை நின்றுவிடுகிறது. தூக்கமோ, தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பதிலும், விடியுமுன் காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு ஓடுவதிலும், இரவு ஷிப்டு முடிந்து வரும் கணவனுக்குச் சோறு போடுவதிலும் தேய்ந்து போகிறது. மாத்திரை தவறுவதும், தூக்கம் கெடுவதும், ஓயாத மனக் கலக்கமும் வலிப்பைத் தூண்டுபவை என்பது வைத்திய சாஸ்திரத்தின் பால பாடம். வீட்டில் அடிக்குப் பயந்து வாழ்கிற பெண்ணுக்கு இம்மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கிடைக்கின்றன.

வலிப்பு என்றால் தரையில் விழுந்து உதைத்துக்கொள்வது மட்டும்தான் என்றும் எண்ணலாகாது. சில பேருக்கு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் பார்வை நிலைகுத்தி நிற்கும். கை தன்னையறியாமல் புடவைத் தலைப்பைப் பிசையும். கூப்பிட்டால் பதில் வராது. பெரிய வலிப்பு தெளிந்த பிறகும் சிறிது நேரம் புத்தி கலங்கியே இருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விழிப்பாள். பார்ப்பவர்களுக்கு அது திமிராகத் தோன்றுகிறது. "கூப்பிடக் கூப்பிட மரம் மாதிரி நிற்கிறாயே!" என்று அடி விழுகிறது. எதற்காக அடிக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தெரியாத அடி அது.

கர்ப்ப காலத்தில் இந்தச் சங்கடம் இன்னும் பெருகுகிறது. குழந்தைக்குக் கெடுதல் என்று வீட்டார் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருந்துகளுள் வால்ப்ரோயேட் போன்ற சில, கர்ப்பத்துக்குத் தீங்கு செய்யக்கூடியவை என்பது உண்மையே. ஆனால் அதற்குப் பரிகாரம் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாறுவதுதான். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில், வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பதிவேட்டை டாக்டர் ஸஞ்ஜீவ் தாமஸ் 1998 முதல் நடத்தி வந்தார். இத்தகைய தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைகளையே பெறுகிறார்கள். இதற்கு முன் வலிப்பே இல்லாத கர்ப்பிணிக்குப் புதிதாக வலிப்பு வந்தாலோ, அது இரத்த அழுத்தத்தினால் வரும் பிரசவ ஜன்னியாக இருக்கக்கூடும். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வலிப்பு வந்து அடுப்பின்மேல் விழுந்து வெந்துபோகும் பெண்கள் இருக்கிறார்கள். தரையில் எரியும் அடுப்பும், தனியாகச் சமைப்பதும் அவர்களுக்கு அபாயம். ஆனால் பிறர் வைத்த தீயையும் "வலிப்பு வந்து விழுந்துவிட்டாள்" என்ற ஒரே வாக்கியத்தால் மூடிவிட முடிகிறது. ஆகையால் வலிப்புள்ள பெண் தீப்பட்டு வந்தால், வலிப்பு என்ற சொல்லோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது.

மனம் எடுக்கும் உருவம்

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. பார்வைக்கு அசல் காக்கை வலிப்பு மாதிரியே இருக்கும். விழுவாள், கை கால் உதறும், அழைத்தால் கேட்காது. ஆனால் அந்த நேரத்தில் மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்து பார்த்தால் அதில் வலிப்பின் அடையாளம் ஒன்றும் இராது. தாங்க முடியாத துயரத்தையோ, பலாத்காரத்தையோ அநுபவித்தவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுகிறது. பெண்களிடமே பெரும்பாலும் வருகிறது. வாய் சொல்ல முடியாததை உடம்பு சொல்லிவிடுகிறது எனலாம்.

இதைக் கண்டதும் "வேஷம் போடுகிறாள்" என்று ஒரு கட்சி சொல்கிறது. "பேய் பிடித்திருக்கிறது" என்று மற்றொரு கட்சி சொல்கிறது. இரண்டு கட்சிக்கும் சிகிச்சை ஒன்றே: அடி. முதல் கட்சி கையால் அடிக்கிறது. இரண்டாம் கட்சி வேப்பிலையாலும் பிரம்பாலும் அடிக்க ஆள் அழைத்து வருகிறது. உண்மையில் இது வேஷமும் அல்ல, பேயும் அல்ல. அவள் வேண்டுமென்று வரவழைப்பதில்லை. நிறுத்த நினைத்தாலும் அவளால் முடியாது. வலிப்பு மாத்திரை இதற்குப் பயன்படாது. பொறுமையாகப் பேசி மனத்தின் பாரத்தை இறக்கும் சிகிச்சையே பயன் தரும். பாரத்தை ஏற்றுகிற கை வீட்டில் தொடர்ந்து ஓங்கிக்கொண்டிருந்தால் அதுவும் பயன் தராது.

ஆயிரம் பொய்யும் ஒரு கல்யாணமும்

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்" என்பது நமது பழமொழி. வலிப்புள்ள பெண்ணைப் பெற்றவர்கள் சொல்வது ஒரே ஒரு பொய்தான். ஆனால் அதற்கு வட்டி ஆயுள் முழுவதும் கட்டப்படுகிறது, கட்டுகிறவள் பெண். கல்யாணத்துக்கு முன்பே வலிப்பு கண்ட பெண்களைப் பற்றி மேற்சொன்ன திருவனந்தபுரம் ஸ்தாபனத்தார் 2007-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் விவாகம் வியாதியை மறைத்தே நடந்திருந்தது. மறைத்து நடந்த விவாகங்களே பின்னால் அதிகமாகக் கலைந்தன.

திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சுந்தரமூர்த்தி நாயனாரின் சரித்திரம் தெரியாமலிராது. உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்து, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களையும் இழந்தார் அவர். தம்பிரான் தோழருக்கே விவாக விஷயத்தில் பொய் மன்னிக்கப்படவில்லை. மறைக்கிற பெற்றோர்களும், விஷயம் வெளிப்பட்டதும் அக்கினி சாட்சியாகக் கைப்பிடித்தவளை அடித்துத் துரத்துகிற கணவன்மார்களும் அந்த மகிழ மரத்தைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சட்டமே அவர்களைப் பயமுறுத்தி வைத்திருந்தது. 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தில் வலிப்பைப் பற்றிய பேச்சு இல்லை. 1976-இல் செய்த திருத்தத்தில், அடிக்கடி பைத்தியமோ வலிப்போ வருகிறவர்கள் விவாகத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று சேர்த்துவிட்டார்கள். அதைக் காட்டி, நடந்த கல்யாணத்தையே ரத்துச் செய்யக் கோர இடமிருந்தது. இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் முதலியவர்களின் முயற்சியால் 1999-ஆம் வருஷக் கடைசியில்தான் "வலிப்பு" என்ற சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. 2023-இல் பம்பாய் ஹைகோர்ட்டின் நாகபுரிக் கிளை, வலிப்பு தீராத வியாதியும் அல்ல, மனக் கோளாறும் அல்ல, ஆகவே அது விவாகரத்துக்குக் காரணமாகாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் திருந்திவிட்டது. ஜாதகம் பார்க்கும் கூடத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆண்பிள்ளைக்கு வந்தால்

ருஷிய தேசத்து மகா நாவலாசிரியர் டாஸ்டாவ்ஸ்கிக்குக் கடுமையான வலிப்பு உண்டு. 1867-இல் அவர் அன்னா என்ற யுவதியை விவாகம் செய்துகொண்டார். சில தினங்களுக்குள்ளேயே அவளுடைய தமக்கையின் வீட்டில் அவருக்குப் பெரிய வலிப்பு வந்தது. அவள் பயந்து ஓடவில்லை. அவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். 1881-இல் அவர் காலமாகும் வரையில் தாங்கிக்கொண்டே இருந்தாள். அவருடைய மிகச் சிறந்த நூல்கள் சில அந்தக் காலத்தில் எழுந்தவை.

நமது வீடுகளிலும் இப்படிப்பட்ட அன்னாக்களுக்குக் குறைவில்லை. மிதமிஞ்சிக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தும் ஆண்களுக்கு ஓரிரு நாட்களுக்குள் வலிப்பு வருவதுண்டு. அப்போது மனைவிதான் அவனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். அண்டை அயலாருக்குத் தெரியாமல் மறைக்கிறாள். தாலியை அடகு வைக்கிறாள். அந்த வலிப்புக்காக அவனை யாரும் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதில்லை. அதே வலிப்பு மனைவிக்கு வந்தால் மட்டும் ஏமாற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள் என்ற கூக்குரல் எழுகிறது. வியாதி ஒன்றுதான். தராசு இரண்டு.

செய்யத்தக்கவை

முதலாவதாக, வைத்தியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வலிப்புடன் வரும் பெண்ணை, உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் தனியாக விசாரிக்க வேண்டும். தலையில் அடிபட்டதுண்டா, யாரால், மாத்திரை கையில் கிடைக்கிறதா என்று மூன்று கேள்விகள் போதும். காயத்துடன் வரும் பெண்ணிடமும் அவ்வாறே கேட்டு, பதிலைச் சீட்டில் எழுத வேண்டும். அந்த எழுத்து பின்னால் சிகிச்சைக்கும் உதவும், கோர்ட்டுக்கும் உதவும்.

இரண்டாவதாக, பெண்ணைப் பெற்றவர்கள். சம்பந்தம் பேசும்போதே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். இரு தரப்பாரும் ஒரு தடவை டாக்டரிடம் சேர்ந்து போய் வாருங்கள். அதைக் கேட்டு விலகிப் போகிறவன் போகட்டும். கல்யாணமான பின் அடிக்கிறவனைவிட அவன் எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக, சட்டத்தைப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் முதல் அமலில் இருக்கிறது. அடிப்பது மட்டுமல்ல, ஆரோக்கியத்துக்கு அபாயம் விளைவிப்பதும், ஏசி அவமானப்படுத்துவதும், ஜீவனத்துக்கு வேண்டியதைக் கொடுக்க மறுப்பதும் அச்சட்டப்படி வன்முறையே. மாத்திரையைப் பிடுங்கி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரியின் மூலமாகவோ நேராகவோ மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்யலாம். வசிக்கும் வீட்டிலிருந்து விரட்டக் கூடாதென்று உத்தரவும், வைத்தியச் செலவும் கேட்கலாம். 181 என்ற டெலிபோன் எண்ணில் பெண்களுக்கு உதவி கிடைக்கும்.

நான்காவதாக, நம் எல்லோருக்கும். ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் சாவிக் கொத்தையும் இரும்பையும் தேட வேண்டாம். வாயில் ஒன்றும் திணிக்க வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கு மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கச் செய்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், தெளியாமல் மறுபடி வந்தாலும், கர்ப்பிணியாயிருந்தாலும் 108-க்குச் சொல்லுங்கள். தெளியும் வரை அருகிலேயே இருங்கள். கண் விழிக்கும்போது அவள் முதலில் காண்பது கோபமான முகமாக இருக்க வேண்டாம்.

மகாத்மா காந்தி தமது சுயசரிதையில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். 1898-இல் டர்பன் நகரில், கோபாவேசத்தில் அவர் கஸ்தூரிபாயைக் கையைப் பிடித்து வாசற்கதவு வரையில் இழுத்துச் சென்றார். போக்கிடம் இல்லாத என்னை எங்கே போகச் சொல்கிறீர்கள் என்று அந்த அம்மையார் கண்ணீருடன் கேட்டதும் வெட்கித் தலை குனிந்தார். அதை மறைக்காமல் தேசம் முழுவதும் படிக்கும்படி எழுதி வைத்தார். வட சென்னைத் தெருக்களில் மட்டுமல்ல, இந்தப் பத்திரிகையைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து வாசிக்கும் வீடுகளிலும் போக்கிடம் இல்லாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு வலிப்பும் இருக்கலாம். அவளுக்கு வேண்டியவை வேளைக்கு ஒரு மாத்திரை, இரவில் நிம்மதியான தூக்கம், தன்மீது ஓங்காத ஒரு கை. முதலாவது சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. மற்ற இரண்டும் வீட்டில் உள்ளவர்கள் கொடுக்க வேண்டியவை.